செகாம்புட்டில் ஒரு டீசல் பட்டறை: கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பவர்கள்

கோலாலம்பூர், செகாம்புட் தொழிற்பேட்டையின் பின்வரிசையில், இரும்புக் கதவைப் பாதி மட்டுமே திறந்து வைத்திருக்கும் ஒரு சிறிய டீசல் பட்டறையில் அண்மையில் என் வண்டியை ஆறு நாள் விட்டு எடுத்தேன். அங்கே வேலை செய்பவர்கள் இருவர்தாம்: ஐம்பது வயதைத் தாண்டிய முதலாளியும் அவருடைய அக்காள் மகனும். இப்போது வரும் வேலைக்கே கை போதவில்லை, பெயரை எழுதிவிடாதீர்கள் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரை விட்டுவிட்டு, அவர்கள் என்ன பார்த்தார்கள், எந்த வரிசையில் பார்த்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதை எழுதுகிறேன். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் டீசல் வண்டியை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், அங்கே இருப்பவர் அளந்து பார்க்கிறாரா, ஊகித்துப் பாகம் மாற்றுகிறாரா என்பதைக் கண்டுகொள்ள இது உதவும் என்பதே என் எண்ணம்.

வண்டி, பதின்மூன்று வருடம் ஓடிய ஜப்பானிய எஸ்யூவி. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் எஞ்சின். மீட்டரில் 218,000 கிலோமீட்டர். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (அதாவது ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, விற்றுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இந்த வருடம் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. எட்டு நொடி, ஒன்பது நொடி கழித்து ஒரு உலுக்கலோடு பிடிக்கும். பிடித்துவிட்டால் பிறகு குறையே தெரியாது. இழுவையும் புகையும் பழையபடியே இருந்தன. சில வாரங்களில், கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து திருப்பும்போதும் அதே தகராறு தொடங்கியது. பத்துமலை அருகே எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டில் விளக்கு எரிய ஆரம்பித்தபோதுதான் இனித் தள்ளிப்போட முடியாது என்று புரிந்தது.

செகாம்புட்டுக்கு முன் இரண்டு இடங்களுக்குப் போயிருந்தேன். முதல் இடத்தில் கையடக்க ஸ்கேனரைச் செருகி, பிழைக்குறியீடு எதுவும் வரவில்லை என்று சொல்லி, 380 வெள்ளிக்குப் புதிய பேட்டரியும் 320 வெள்ளிக்கு நான்கு க்ளோ பிளக்கும் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரின் உள்ளே சூடேற்றும் மின்பாகம்) மாற்றினார்கள். மறுநாள் காலையும் அதே ஒன்பது நொடி. திரும்பப் போனதும் காற்றுக்குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடித்துக் கிளப்பிக் காட்டினார்கள். க்ளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் கலந்த அந்த ஸ்ப்ரேயை அடிப்பது ஆபத்தான பழக்கம்; சூடேறிய பிளக்கின் மீது அது பட்டால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து, பிஸ்டனையோ கனெக்டிங் ராடையோ சேதப்படுத்தலாம். இரண்டாம் இடத்தில் பத்து நிமிடம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உயர் அழுத்தப் பம்ப் போய்விட்டது, ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) எடுத்தால் 2,800, புதியது என்றால் 4,500 என்றார்கள். எந்த அளவீட்டைக் கொண்டு அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அனுபவம் என்று பதில் வந்தது.

க்ளோ பிளக் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதில்தான் பணம் வீணாகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நசுக்கும்போது எழும் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்நாட்டில், வெளிக்காற்று உறைநிலைக்கு அருகில் இருக்கும்போது, அந்தச் சூடு போதாது. அதற்காகவே க்ளோ பிளக். கோலாலம்பூரில் விடியற்காலையிலும் வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அழுத்தம் நன்றாக உள்ள காமன் ரெயில் எஞ்சின் அந்த வெப்பத்தில் க்ளோ பிளக்கின் உதவி இல்லாமலே பிடித்துவிடும். மிஞ்சினால் முதல் சில நொடிகள் சற்று நடுங்கும், வெள்ளைப் புகை விடும். காணொளிகளில் ஐரோப்பியர்கள் முதலில் க்ளோ பிளக்கைச் சோதிப்பது அவர்கள் ஊர்க் குளிருக்குப் பொருந்தும். செந்தூலிலும் கெப்போங்கிலும் அதையே முதல் சந்தேகமாகக் கொள்ள வேண்டிய அவசியமில்லை.

செகாம்புட் முதலாளி வண்டியின் பானெட்டைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். ராத்திரி முழுக்க நின்றால் எவ்வளவு நேரம், இரண்டு மணி நேரம் நின்றால் எவ்வளவு, சரிவில் முன்பக்கம் மேலாக நிறுத்தினால் மோசமாகிறதா, டாங்கி கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வித்தியாசம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அட்டைப் பெட்டியின் மூடியில் குறித்துக்கொண்டார். சுற்றும்போது புகைக்குழாயில் என்ன வருகிறது என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சாவியைத் திருப்பும்போது நான் ஓட்டுநர் இருக்கையில் அல்லவா இருக்கிறேன். அவர் சொன்னார்: "தம்பி, வண்டிய விட்டுட்டுப் போங்க. நாளைக்கு விடிஞ்சதும் மொத ஸ்டார்ட்ட நானே பார்க்கணும். நீங்க ஓட்டிக் கொண்டு வந்த சூட்டுல பார்த்தா அது வேற நோய் காட்டும்." முந்தைய இரண்டு பட்டறைகளிலும் நான் ஓட்டிப்போன சூட்டோடுதான் சோதித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நானும் போய் நின்றேன். மருமகன் சாவியைத் திருப்ப, முதலாளி பின்னால் புகைக்குழாய் அருகில் குந்தியிருந்தார். சுற்றிய நேரம் முழுவதும் புகையே வரவில்லை. வெள்ளைப் புகை வந்திருந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போதுதான் சிலிண்டர் அழுத்தத்தையும் க்ளோ பிளக்கையும் சந்தேகிக்க வேண்டும். புகை இல்லையென்றால் டீசல் உள்ளேயே போகவில்லை. காசு செலவில்லாத இந்த ஒரு பார்வையில் பாதிக் காரணங்கள் கழிந்துவிட்டன; என்னுடைய 320 வெள்ளியும் அதோடு கழிந்தது.

மின்சாரப் பக்கத்தை அவர் சீக்கிரமாக முடித்துக்கொண்டார். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட், சுற்றும்போது 10.3, எஞ்சினுக்கும் உடற்கூட்டுக்கும் இடையேயுள்ள எர்த் கம்பியில் சுற்றும் நேரத்து இழப்பு 0.2 வோல்ட். ஸ்கேனரில் சுற்று வேகம் நிமிடத்துக்கு 230 என்று நிலையாகக் காட்டியதால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தச் சென்சார் செத்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் திரையில் வேகம் சுழியாகவே நின்றிருக்கும். பிறகு ஸ்டார்ட்டரின் கனத்த கம்பியில் மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் கிளாம்பை மாட்டி, அலைக்காட்டியில் ஒரு கோட்டைக் காட்டினார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நசுக்கும் நொடியில் ஸ்டார்ட்டர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். நான்கு மேடுகளும் ஒரே உயரத்தில் இருந்தால் நான்கு சிலிண்டர்களும் சமமாக இருக்கின்றன. என் எஞ்சினில் அவை சமமாகவே இருந்தன. இந்த முறை சமத்தை மட்டுமே காட்டும், நான்கும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் காட்டாது என்பதையும் அவரே சொன்னார். ஆனால் நன்றாக இழுக்கும், நீலப் புகை விடாத வண்டியில் இதற்குமேல் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்பது அவர் முடிவு. அது சரியான முடிவு என்று நானும் நினைக்கிறேன்.

அடுத்து அவர் பார்த்த எண்தான் முழுக்கதையையும் சொன்னது. காமன் ரெயில் முறையில் உயர் அழுத்தப் பம்ப் டீசலை ஒரு பொதுக்குழாயில் நிரப்பி வைக்கிறது. அங்கிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பிரிகிறது. குழாயில் அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவைத் தொடும்வரை கணினி இன்ஜெக்டர்களைத் திறக்காது. பெரும்பாலான எஞ்சின்களில் அந்த அளவு ஏறத்தாழ 200 முதல் 300 பார் (அழுத்தத்தின் அலகு) வரை. நல்ல எஞ்சின் ஒன்றிரண்டு சுற்றிலேயே அதை எட்டிவிடும். என் வண்டியில், திரையில் தெரிந்த அழுத்தம் முதல் நான்கு நொடி 40 பாரிலேயே முனகிக்கொண்டிருந்து, 90-க்கு ஏறி, அங்கே தயங்கி, ஒன்பதாம் நொடியில் 250-ஐத் தாண்டியது. அந்தக் கணமே எஞ்சின் பிடித்தது. குறியீடு எதுவும் இல்லை, ஆகவே எரிபொருளில் குறையில்லை என்று முதல் பட்டறையில் சொன்னதும் இதே வண்டியைப் பார்த்துத்தான். ஸ்கேனர் இரண்டு இடத்திலும் இருந்தது. ஓடும் எண்களை வாசிக்கத் தெரிந்தவர் ஓரிடத்தில்தான் இருந்தார்.

அழுத்தம் ஏறாததற்குக் காரணங்கள் சில உண்டு. பம்புக்கு டீசல் சரியாக வந்து சேராதது, பம்பே தேய்ந்தது, பம்பின் வாயிலில் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்குவது, ஏறிய அழுத்தம் பொதுக்குழாயின் பாதுகாப்பு வால்விலோ இன்ஜெக்டரிலோ கசிந்து போவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் மலிவானதிலிருந்து அவர் தொடங்கினார். டீசல் ஃபில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அது கடினமாவதற்கு இருபது முறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. டாங்கியிலிருந்து வரும் குழாயில் எஞ்சின் டீசலை உறிஞ்சி இழுப்பதால், அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே புகும். தரையில் ஒரு துளி எண்ணெய் இல்லை என்பதால் நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே உள்ளே ஓடுவது தெரியும் ஒரு சாண் தெளிவான குழாயை இணைத்து மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகள் போய்க்கொண்டிருந்தன.

குமிழிகளைப் பின்தொடர்ந்து போனதில், ஃபில்டர் தலையின் அடியில் இருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. ராத்திரி முழுக்க அதன் வழியே காற்று ஏறி, டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கியிருக்கிறது. பாமாயில் கலந்த டீசலால்தான் ரப்பர் கெடுகிறது என்ற பேச்சு நம் ஊரில் பலமாக உண்டு. போக்குவரத்துக்கு 10 விழுக்காடு கலந்த டீசல் 2019 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்டது. பயோடீசல் சிலவகைப் பழைய ரப்பரை உப்ப வைக்கும் என்பதும், நீரைச் சற்று அதிகமாக ஈர்க்கும் என்பதும் உண்மை. ஆனால் முதலாளி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பதின்மூன்று வருடமாக எஞ்சின் சூட்டில் வெந்த வளையம் எந்த எண்ணெயில் இருந்தாலும் இறுகத்தான் செய்யும் என்றார். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் இருந்ததைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். அந்த முறைப்பு நியாயமானது. வளையம் ஏழு வெள்ளி; ஃபில்டர் 65.

மறுநாள் காலை நான்கு நொடியில் பிடித்தது. ஒன்பதிலிருந்து நான்கு என்பது பெரிய முன்னேற்றம். அந்த நிலையில் அவர் வண்டியைக் கொடுத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு எடுத்துப் போயிருப்பேன். அவர் கொடுக்கவில்லை. ரவாங் வரை ஓட்டிப்போய் வந்து, சூட்டில் பத்து நிமிடம் நிறுத்தித் திருப்பினார்: ஆறு நொடி. குளிரில் நான்கு, சூட்டில் ஆறு. காற்று புகுவதால் வரும் தகராறு நின்ற நேரத்தைப் பொறுத்தது. எஞ்சின் சூட்டுக்கும் அதற்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை. டீசல் சூடாகும்போது நீர்த்துப்போகிறது; தேய்ந்த இடைவெளிகளின் வழியே அது இன்னும் எளிதாக நழுவும். ஆகவே வண்டியில் நோய் இரண்டு, ஒன்று மற்றதன் பின்னால் மறைந்து நின்றிருக்கிறது என்று அவர் கணித்தார்.

இதைச் சோதித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனக்கு வந்த டீசலில் ஒரு பகுதியைத் தன் உள்வால்வின் வழியாகத் திருப்பி அனுப்பும். அதற்கென்று மேலே மெல்லிய திரும்புகுழாய் இருக்கிறது. அந்த நான்கு குழாய்களையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு, எஞ்சினை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினார்கள். நல்ல இன்ஜெக்டர் அந்த நிலையில் கிட்டத்தட்ட எதையும் திருப்பி அனுப்பாது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பாட்டில்களின் அடி நனைந்தது, அவ்வளவுதான். மூன்றாவதில் நம் கண்ணெதிரே டீசல் ஏறியது. பம்ப் தன்னால் முடிந்தவரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்க, மூன்றாவது இன்ஜெக்டர் அதை அப்படியே டாங்கிக்குத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு நிறுத்தாமல், மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயைக் கழற்றி, பொதுக்குழாயின் அந்த வாயை எஃகு மூடியால் அடைத்துவிட்டு மறுபடி சுற்றினார்கள். அழுத்தம் இரண்டே நொடியில் 300 பாரைத் தாண்டி, எஞ்சின் மூன்று சிலிண்டரில் குலுங்கிக்கொண்டே பிடித்தது. இரண்டாம் பட்டறையில் செத்துவிட்டதாகச் சொன்ன 4,500 வெள்ளிப் பம்ப் இதுதான். அதன் கட்டுப்பாட்டு வால்வும், பொதுக்குழாயின் பாதுகாப்பு வால்வும் நலமே என்பதும் இந்த ஒரே சோதனையில் தெளிவானது. வாசகர்களில் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். எஞ்சின் நின்றபின் அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்துதான் அவர்கள் ஸ்பேனரை எடுத்தார்கள். ஓடும் காமன் ரெயில் எஞ்சினில் அந்த நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் ஊடுருவி உள்ளே போய்விடும். பழைய எஞ்சின்களில் நட்டைத் தளர்த்திக் காற்றெடுத்த பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இதைக் குறிப்பாக மறக்கக் கூடாது.

இன்ஜெக்டரை அவர்கள் வெளியே ஒரு சோதனை மேசைக்கு அனுப்பி, அளவீட்டுத் தாளோடு சீர்செய்து வாங்கி வந்தார்கள்: 650 வெள்ளி. புதியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. நான்கையும் ஒரே நேரத்தில் சீர்செய்யலாம், மற்ற மூன்றும் அதே வயதுதானே என்றார். மூன்று பாட்டில்கள் காலியாக நின்றதை நீங்கள்தானே காட்டினீர்கள் அண்ணே என்றேன். சிரித்துவிட்டு ஒன்றோடு விட்டுவிட்டார். அவருடைய பேச்சிலும் நியாயம் இருக்கிறது. வருடத்துக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால் நானும் நான்கையும் செய்திருப்பேன். பொருத்தும்போது இன்ஜெக்டரின் இருக்கையைத் துலக்கி, அடியில் புதிய செம்பு வளையம் போட்டு, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, இன்ஜெக்டரின் தலையில் அச்சிட்டிருக்கும் திருத்தக் குறியீட்டைக் கணினியில் பதிந்தார்கள். அந்தக் குறியீட்டைப் பதியாமல் விடும் பட்டறைகள் உண்டு. வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் சிறு வித்தியாசத்துக்கும் ஏற்ப அளவைத் திருத்த வேண்டிய கணினி பழைய கணக்கிலேயே டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும். திறந்த குழாய் வாய் ஒவ்வொன்றையும் அந்தப் பையன் உடனுக்குடன் மூடியிட்டு அடைத்ததையும் கவனித்தேன். சில மைக்ரான் இடைவெளியில் வேலை செய்யும் பாகத்துக்குள் பட்டறைத் தூசி ஒன்று போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மொத்தச் செலவு: சோதனைக் கட்டணம் 150, ஃபில்டரும் வளையமும் 72, இன்ஜெக்டர் 650, செம்பு வளையமும் திரும்புகுழாய் முத்திரைகளும் 38, கூலி 240. ஆக 1,150 வெள்ளி. சோதனைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்குவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். பாகத்தில் லாபம் வைக்காமல் மூளைக்குக் கூலி வாங்குவது எனக்குச் சரியாகவே படுகிறது. முதல் பட்டறையில் சோதனை இலவசம், 700 வெள்ளி காலி.

குறைகளும் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்று சொன்னது ஆறு நாளானது. இன்ஜெக்டர் போன இடத்தில் தாமதம் என்றார்கள், ஆனால் அதை நான் கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. அட்டை ஏற்க மாட்டார்கள், ரொக்கம் மட்டும். ரசீது கையால் எழுதியது. பாகத்தின் எண்கள் அதில் இல்லை. கேட்டு வாங்கி எழுதவைத்தேன். சீர்செய்த இன்ஜெக்டருக்கு மூன்று மாத உத்தரவாதம் என்பது குறைவு, ஆறு மாதமாவது கொடுத்திருக்கலாம். ஓட்டுநர் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு எண்ணெய்க் கைத்தடம் இன்னும் போகவில்லை. உட்கார இடமும் கிடையாது. தே தாரிக் வேண்டுமென்றால் வெயிலில் நடந்து எதிரே உள்ள மாமாக் உணவுக்கடைக்குத்தான் போக வேண்டும். அவசரத்தில் இருப்பவர்களுக்கும், மறுநாளே வண்டி வேண்டும் என்பவர்களுக்கும் இந்த இடம் ஆகாது.

வண்டியை எடுத்து ஐந்து வாரமாகிறது. காலையில் ஒன்றரை நொடி, சூட்டில் அதைவிடக் குறைவு. நான் வாங்கிய 90 வெள்ளி ப்ளூடூத் ஸ்கேனரில் பார்த்தால், சாவியைத் திருப்பிய முதல் நொடிக்குள்ளேயே அழுத்தம் 250 பாரைத் தாண்டிவிடுகிறது. ஐயாயிரம் கிலோமீட்டரில் ஃபில்டர் தண்ணீரை இறக்கவும் மற்ற மூன்று இன்ஜெக்டர்களின் பாட்டில்களை மறுபடி பார்க்கவும் வரச் சொல்லியிருக்கிறார். நாள் குறிக்கலாம் என்று மூன்று முறை அழைத்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.